வீட்டுவேலை செய்யும் தலித் பெண் மீது திருட்டுப் பழி: பிசிஆர் வழக்கு நிற்குமா, கூலி பாக்கி கிடைக்குமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெரிய வீட்டில் உங்கள் சித்தி பல வருடங்களாக வாசல் தெளிப்பது, வளவு (உள்முற்றம்) கழுவுவது, பத்துப் பாத்திரம் தேய்ப்பது என்று வேலை பார்த்து வந்திருக்கிறார். அந்த வீட்டுக் கல்யாணத்தின்போது ஒரு வளையல் காணவில்லை. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதக் கூலி பாக்கி. ஸ்டேஷனிலிருந்து போன் செய்து "ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்கிறார்கள். ஊரில் பெரியவர்கள் "வீட்டுக்குள்ள பேசுனதுக்கெல்லாம் பிசிஆர் நிக்காது, கூலியை வாங்கிட்டு ஒதுங்கிடு" என்கிறார்கள். பிசிஆர், அதாவது சாதி வன்கொடுமை வழக்கு, நிற்குமா, நிற்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். சாதி வழக்காக நடத்துவதா, தொழிலாளர் வழக்காக நடத்துவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்விக்குள் இருக்கிற உண்மையான தவிப்பு வேறு என்று படுகிறது. திருட்டுப் பழி, சாதி இழிவு, கூலி பாக்கி மூன்றும் ஒரே நாளில் வந்து விழுந்திருக்கும்போது எதை முதலில் கையில் எடுப்பது, ஒன்றை எடுத்தால் மற்றது கெட்டுப்போகுமா என்பதுதான் அது.

"வீட்டுக்குள் நடந்தது, அதனால் நிற்காது" என்பது சரியில்லை. "சாதியைச் சொன்னாலே போதும், எங்கே சொன்னாலும் நிற்கும்" என்பதும் சரியில்லை. எங்கே நின்று சொன்னார்கள், யார் காதில் விழுந்தது, அதைப் புகாரில் எப்படி எழுதினீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவர் தரப்பில் நிற்கிற வக்கீல் என்ற முறையில் எழுதுகிறேன். காகிதங்களைப் பார்க்காமல் உங்கள் வழக்கின் முடிவைச் சொல்ல என்னால் முடியாது. சட்டம் எங்கே உறுதியாக இருக்கிறது, எங்கே தள்ளாடுகிறது என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் திருட்டுப் பழி. மூன்றில் அவசரம் இதற்குத்தான், ஏனென்றால் கைது பயம் இதில்தான் இருக்கிறது. வேலைக்காரர் முதலாளி வீட்டில் திருடினால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 306-வது பிரிவு, 7 ஆண்டுகள் வரை தண்டனை. 7 ஆண்டுகள் வரையுள்ள குற்றங்களில் போலீஸ் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 35(3)-ன் கீழ் எழுத்து மூலமாக ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தரவேண்டும், கைது தேவை என்றால் காரணத்தை எழுதி வைக்கவேண்டும். பெண்ணைச் சூரியன் மறைந்த பிறகு, விடிவதற்கு முன் கைது செய்யக் கூடாது. மிக விதிவிலக்கான நேரத்தில்கூடப் பெண் அதிகாரி இருந்து, மாஜிஸ்திரேட் அனுமதியும் பெற்றிருக்கவேண்டும். ஆகவே போனில் வருகிற அழைப்புக்கு உங்கள் சித்தி தனியாகப் போகவேண்டாம். "நோட்டீஸ் கொடுங்கள், வருகிறேன்" என்று சொல்வது ஒத்துழைக்க மறுப்பது ஆகாது. நோட்டீஸ் வந்தபின் போகாமல் இருப்பதுதான் தப்பு.

அங்கே என்ன நடக்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும். பெரும்பாலும் எஃப்ஐஆர் இருக்காது. வீட்டுக்காரர் கொடுத்த பெட்டிஷனுக்கு ஒரு சிஎஸ்ஆர் ரசீது (புகார் வந்தது என்பதற்கான ஒப்புகைச் சீட்டு) மட்டும் போட்டு, இரு தரப்பையும் உட்காரவைத்து "பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். அந்தப் பேச்சின் கடைசியில் ஒரு வெள்ளைத்தாள் வரும். "எனக்கு எந்தப் புகாரும் இல்லை, பாக்கி எதுவும் இல்லை, இனி அந்த வீட்டுப் பக்கம் போகமாட்டேன்" என்று ரைட்டர் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார்கள். இந்த ஒரு தாள்தான் பின்னால் சாதி வழக்கையும் கூலி மனுவையும் சேர்த்துச் சாய்க்கிறது. வாசித்துக் காட்டாத எதிலும், இடம் விட்டு எழுதிய எதிலும் கையெழுத்து வேண்டாம். வளையலின் விலையைத் தவணையில் கட்டுகிறேன் என்று பயத்தில் ஒப்புக்கொள்வது அதைவிட மோசம். எடுக்காத பொருளுக்கு ஒரு ரூபாய் கொடுத்தாலும் எடுத்ததாக அது படிக்கப்படும்.

இனி சாதிப் புகார். நம் ஊரில் எல்லோரும் பிசிஆர் என்றே சொல்கிறோம். 1955-ன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயர் பழக்கத்தில் ஒட்டிக்கொண்டது. இன்று பெரும்பாலும் பயன்படுவது 1989-ன் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015 திருத்தத்தோடு. அதில் சாதியைச் சொல்லி அவமதிப்பதற்கு இரண்டு பிரிவுகள்: இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பது அல்லது மிரட்டுவது 3(1)(ஆர்), சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது 3(1)(எஸ்). தண்டனை 6 மாதத்துக்குக் குறையாமல் 5 ஆண்டுகள் வரை. இரண்டிலும் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது: அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்கவேண்டும். பொது இடமாக இருக்கத் தேவையில்லை. தனியார் வீடாக இருந்தாலும் பொதுமக்கள் பார்வைக்கும் காதுக்கும் எட்டினால் போதும்.

இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2008-ல் ஸ்வரண் சிங் வழக்கில் தெளிவாக்கியது. வீட்டு வாசலில், தெருவில் போகிறவர்கள் பார்க்கக்கூடிய இடத்தில் திட்டினால் அது பொதுப் பார்வைதான்; கட்டடத்துக்குள்ளே திட்டினாலும், அங்கே உறவினர், நண்பர் என்றில்லாத பொது ஆட்கள் இருந்திருந்தால் குற்றம்தான் என்றது. 2020-ல் ஹிதேஷ் வர்மா வழக்கில், நான்கு சுவருக்குள் வெளியாள் யாரும் இல்லாமல் நடந்ததாகப் புகாரிலேயே தெரிந்ததால் அந்தப் பிரிவு பொருந்தாது என்றது. 2025 ஜனவரியில் நம் திருச்சிப் பக்கத்து வழக்கொன்றில், கருப்புடையார் வழக்கு, அலுவலக அறைக்குள் நடந்த பேச்சுக்கும் அதையே சொல்லி வழக்கை ரத்து செய்தது. ஊர்ப் பெரியவர்கள் "நிக்காது" என்று சொல்வதன் வேர் இந்தத் தீர்ப்புகளில்தான் இருக்கிறது. ஆனால் இவற்றில் வழக்கு விழுந்த காரணத்தைக் கவனியுங்கள்: யார் கேட்டார்கள், எங்கே நின்றார்கள் என்பது புகாரில் இல்லை.

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பே இந்தக் கேள்விக்குப் பாதி விடை சொல்லும். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீண்டு கிடக்கிற வீடு அது. முகப்புத் திண்ணையிலோ படியிலோ நிறுத்தி வைத்துத் திட்டியிருந்தால் தெரு அதைப் பார்க்கிறது. அது உறுதியான இடம். வளவில், கல்யாணக் கூட்டத்துக்கு நடுவில் திட்டியிருந்தால், கேட்டவர்கள் யார் என்பதைப் பொறுத்தது. பங்காளிகளும் சம்பந்திகளும் மட்டும் என்றால் பலம் குறைவு. சமையல் மாஸ்டர், பந்தல் போட்டவர், நாதஸ்வரக்காரர், வீடியோ எடுத்தவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒருவராவது இருந்திருந்தால் பலம் கூடும். மூன்றாம் கட்டில், அடுப்படியில், வீட்டு ஆச்சியும் சித்தியும் மட்டும் இருந்தபோது சொன்னது என்றால், அந்த இரண்டு பிரிவுகளும் நிற்பது கடினம் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். கூட வேலை பார்க்கிற பெண்கள் கேட்டிருந்தால்? இது தள்ளாடும் இடம். அவர்கள் வெளியார்தான் என்று வாதிடலாம், நான் அப்படித்தான் வாதிடுவேன். புகார்தாரரின் தோழிகள், நடுநிலை ஆட்கள் இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லும். எந்தப் பக்கம் சாயும் என்பது அந்தந்த நீதிமன்றத்தின் பார்வையைப் பொறுத்தது. அதைவிடப் பெரிய சிக்கல், அந்தப் பெண்களும் அதே வீட்டுச் சம்பளத்தில் இருக்கிறார்கள். சாட்சிக்கூண்டு வரும்போது பல்டி அடிக்கிற சாட்சிகளில் இவர்களே அதிகம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அடுத்த மாத அரிசி அந்த வீட்டிலிருந்துதான் வரவேண்டும்.

ஆகவே புகாரை எழுதும் விதம். "சாதிப் பெயரைச் சொல்லித் தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்று எழுதினால் அது பாதிப் புகார்தான். சொன்ன வார்த்தையை, கூசினாலும், சொன்னபடியே எழுதவேண்டும். தேதி, நேரம், முகப்பா வளவா பின்வாசலா, சித்தி எங்கே நின்றார், சொன்னவர் எங்கே நின்றார், எத்தனை அடி தூரத்தில் யார் யார் இருந்தார்கள், கதவு திறந்திருந்ததா, கைபேசியில் யாராவது எடுத்தார்களா. இத்தனை நாள் ஏன் தாமதம் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடவேண்டும். பயம், ஸ்டேஷனில் பேசித் தீர்க்கலாம் என்று சொன்னது, கையில் பணம் இல்லாதது எதுவாக இருந்தாலும் உண்மையை எழுதுங்கள். இல்லாத ஆளை இருந்ததாக எழுதாதீர்கள். வலுசேர்க்க நினைத்துச் சேர்த்த ஒரு பொய்ச் சாட்சி, குறுக்கு விசாரணையில் உண்மையான பத்து விஷயத்தையும் இழுத்துக்கொண்டு விழும். கல்யாண வீடியோவும் வீட்டு சிசிடிவியும் இருந்தால் அவற்றைக் கைப்பற்றும்படி புகாரிலேயே கேளுங்கள். சிசிடிவி பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். உங்களிடம் குரல் பதிவு ஏதும் இருந்தால் அந்த போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியைவிட, பதிவான போனும் அதற்கான பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவின் சான்றிதழும்தான் கோர்ட்டில் பேசும்.

பொதுப் பார்வை என்ற நிபந்தனையே இல்லாத பிரிவுகளும் இதே சட்டத்தில் இருக்கின்றன. பலர் இவற்றைக் கேட்பதே இல்லை. பொய்த் தகவலைப் பொது ஊழியருக்குக் கொடுத்து, அவர் அதிகாரத்தைப் பயன்படுத்திப் பட்டியல் சாதியினருக்குத் தொல்லை நேரச் செய்வது 3(1)(கியூ). உங்கள் சித்தி மீதான திருட்டுப் புகார் பொய் என்று நிறுவ முடிந்தால் இது நேராகப் பொருந்தும். வளையல் அந்த வீட்டிலேயே வேறு இடத்தில் கிடைத்தும் அதை போலீசில் சொல்லாமல் இருந்தால் இன்னும் வலுவாகும். சம்பளமில்லாமல் கட்டாய வேலை வாங்குவது 3(1)(எச்). பட்டியல் சாதிப் பெண்ணை அவள் சம்மதமில்லாமல் பாலியல் நோக்கில் தொடுவது, அப்படிப் பேசுவது, சைகை காட்டுவது 3(1)(டபிள்யூ). அடுப்படியில் யாரும் பார்க்காமல் நடந்தது என்பது இவற்றில் தப்பிக்கும் வழி ஆகாது.

சாதி தெரியாமல் சொல்லிவிட்டேன் என்ற வாதம் எடுபடாது. பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ முன்பே நன்கு அறிந்தவர் என்றால் சாதியும் தெரியும் என்றே கோர்ட் கொள்ளும் என்கிறது 8(சி). பல வருடம் வேலை பார்த்த வீட்டில் இது தானாகவே நமக்குச் சாதகம். சித்தியின் சாதிச் சான்றிதழ் இ-சேவை மையத்தில் எடுத்த டிஜிட்டல் சான்றாக இருக்கட்டும். அது இல்லை என்று எஃப்ஐஆரை மறுக்க முடியாது, ஆனால் நிவாரணப் பணம் அதனால் மாதக்கணக்கில் நிற்கும். இன்னொன்று, இந்தப் பகுதியில் மிகவும் முக்கியம். 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர்தான் பட்டியல் சாதி. சான்றிதழில் கிறிஸ்தவர் என்று இருந்தால், அதே சேரியில் வாழ்ந்து அதே வசவைக் கேட்டிருந்தாலும் 1989 சட்டம் அவருக்கு இல்லை. இது பெரிய அநீதி என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இன்றைய சட்டம் அதுதான். அப்படியென்றால் பொதுக் குற்றச் சட்டப் பிரிவுகளிலும் கூலி வழியிலும்தான் போகவேண்டியிருக்கும். எதிரியும் (குற்றம் சாட்டப்பட்டவரும்) பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ இருந்தாலும் இந்தச் சட்டம் பொருந்தாது.

புகாரை வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் மாவட்ட எஸ்பிக்கு அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 175(3)-ன் கீழ் மனுவோடு நீதிமன்றத்துக்குப் போகலாம். "விசாரித்துவிட்டு எஃப்ஐஆர் போடுகிறோம்" என்பதை 1989 சட்டத்தில் 2018-ல் சேர்த்த 18ஏ பிரிவு ஏற்கவில்லை, முன்விசாரணை தேவையில்லை. பதிவான பிறகு, விசாரிப்பவர் டிஎஸ்பி பதவிக்குக் குறையாதவராக இருக்கவேண்டும், 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவேண்டும். வாக்குமூலத்தை யார் எழுதுகிறார், யார் கையெழுத்துப் போடுகிறார் என்று கவனியுங்கள். இன்ஸ்பெக்டரே எல்லாம் விசாரித்து டிஎஸ்பி பெயரைக் கடைசியில் போட்ட வழக்குகளை எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேதான் பிடிக்கிறார். முன்ஜாமீன் கிடையாது என்பது பொது விதி. முதல் பார்வையிலேயே வழக்கில்லை என்று தெரிந்தால் கோர்ட் தரலாம் என்பது அதன் விலக்கு. எதிரி ஜாமீன் கேட்கும்போது உங்கள் சித்திக்கு நோட்டீஸ் வரவேண்டும், அவர் தரப்பைக் கேட்கவேண்டும். இது 15ஏ பிரிவு; கட்டாயம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் இல்லாமல் கொடுத்த ஜாமீனை அந்த ஒரு காரணத்தை வைத்தே எதிர்க்கலாம். மத்திய விதிகளின்படி (ஆர்), (எஸ்) பிரிவுகளுக்கு நிவாரணம் 1 லட்சம் ரூபாய்: எஃப்ஐஆர் ஆனதும் கால் பங்கு, குற்றப்பத்திரிகை போனதும் பாதி, தண்டனை ஆனால் மீதிக் கால். கலெக்டர் அலுவலகத்தின் ஆதிதிராவிடர் நலப் பிரிவில் இதைப் பின்தொடரவேண்டும், தானாக வராது. பணத்துக்காகப் போட்ட வழக்கு என்று ஊர் பேசும். பேசட்டும். வேலை போன பெண் சாட்சி சொல்லும் நாள்வரை சாப்பிடுவதற்காகத்தான் அந்த விதியே இருக்கிறது.

சிவகங்கையில் இதற்கான சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது. கச்சநத்தத்தில் 2018-ல் மூன்று தலித்துகள் கொல்லப்பட்ட வழக்கில், 2022-ல் 27 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது அந்த நீதிமன்றம்தான். வசவு வழக்கும் கொலை வழக்கும் ஒன்றில்லை. சாட்சிகள் கலையாமல் நின்றால் இங்கேயும் தண்டனை வரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கூலிக்கு வருவோம். வீட்டுவேலைக்கென்று தனி மத்தியச் சட்டம் இதுவரை இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் கொண்டுவந்த 189-வது உடன்படிக்கையில் இந்தியா இன்னும் கையெழுத்திட்டு ஏற்கவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தனிச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கச் சொன்னது. தமிழ்நாட்டின் நிலை சற்று மேல். 1982-ன் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் அட்டவணையில் 1999-ல் வீட்டுவேலை சேர்ந்தது, 2007-ல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் வந்தது, 2018-ல் மணிக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கப்பட்டது. நடப்பு விகிதத்தைத் தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் கேட்டு, சித்தி பார்த்த மணிநேரத்தோடு பெருக்கிப் பாருங்கள். இரண்டு மாத பாக்கி என்று நீங்கள் நினைப்பது உண்மையில் அதைவிடப் பெரிய தொகையாக இருக்க வாய்ப்பு அதிகம். பொங்கலுக்குக் கொடுத்த சேலை, மீந்த பலகாரம், "எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி வச்சிருந்தோம்" என்ற பேச்சு எதுவும் கூலியில் கழியாது. அந்தப் பேச்சுதான் வருகைப் பதிவும் சம்பளச் சீட்டும் இல்லாமல் இத்தனை வருடம் ஓட்ட உதவியிருக்கிறது.

இங்கே தனியாக ஒரு சிக்கல் வரும். இந்த வீடுகளில் பல, ஐந்தாறு பங்காளிகளின் பொதுச் சொத்து. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். சாவி வாட்ச்மேனிடம், சம்பளம் ஒரு காரியஸ்தர் கையில். வேலைக்கு வைத்தது யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். மனுவில் ஒருவர் பெயரை மட்டும் போடாதீர்கள். கூலியைக் கையில் கொடுத்தவர், வேலை சொன்னவர், வீட்டில் பங்குள்ளவர்கள் எல்லோரையும் சேருங்கள். வேலை பார்த்ததற்குச் சாட்சியம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் இருக்கும்: ஜிபே வரவு, வங்கிப் பாஸ்புக், "நாளைக்குச் சீக்கிரம் வா" என்ற குரல் செய்தி, பழைய விசேஷங்களின் ஆல்பத்தில் பின்னால் தெரிகிற முகம், பால்காரர், தெருவில் இஸ்திரி போடுகிறவர். காலக்கெடுவில் கவனம். 1948-ன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் 6 மாதமாக இருந்தது; அதன் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2019-ன் கூலிச் சட்டத் தொகுப்பில் 3 ஆண்டு. குறைந்த கெடுவையே கணக்கில் வைத்து 6 மாதத்துக்குள் மனுவைப் போட்டுவிட்டால் எந்தச் சண்டையும் இல்லை. முன்பணம் வாங்கியிருந்து, அது தீரும்வரை வேறு வீட்டுக்குப் போகக் கூடாது என்று நிறுத்தி வைத்திருந்தால் அது 1976-ன் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டத்துக்குள் வரும். தேவகோட்டை வருவாய்க் கோட்ட (ஆர்டிஓ) அலுவலகத்தில் மனுக் கொடுக்கவேண்டும்.

வேலை செய்த வீட்டில் பாலியல் தொல்லையும் நடந்திருந்தால் (நீங்கள் எழுதவில்லை, பெண்கள் இதைக் கடைசியில்தான் சொல்வார்கள், அதுவும் மருமகனிடமோ அக்கா மகனிடமோ சொல்வதில்லை, ஒரு பெண் அவரோடு தனியாகப் பேசட்டும்) 2013-ன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம் வீட்டையும் பணியிடமாகக் கொள்கிறது. புகார் மாவட்ட உள்ளூர்க் குழுவுக்கு, 3 மாதத்துக்குள். வீட்டுப் பணியாளர் என்றால், முகாந்திரம் இருக்கும்போது குழு 7 நாளில் போலீசுக்கு அனுப்பவேண்டும்.

சாதி வழக்காக நடத்துவதா, தொழிலாளர் வழக்காக நடத்துவதா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் தனித்தனிக் காகிதமாக நடத்துங்கள்; ஒன்றுக்காக இன்னொன்றை விடாதீர்கள். இந்த மண்ணில் இரண்டும் பிரிந்து இருந்ததே இல்லை. சிவகங்கை அன்று சேர்ந்திருந்த ராமநாதபுரம் ஜில்லாவில் 1930-லும் 1931-லும் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்கச் சாதியினர் விதித்த தடைகளை, 1931 மக்கள் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். பெண்கள் மேலாடை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது என்ற அதே வரிசையில்தான் காலை 7 மணியிலிருந்து மாலை 6 வரை வேலை, ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா என்ற கூலியும் வருகிறது. உடம்பின் மீதான கட்டளையும் கூலியின் மீதான கட்டளையும் ஒரே வாயிலிருந்து வந்தன, பெண்ணுக்குப் பாதிக்குப் பாதி. இன்றும் யாரை அடுப்படிக்குள் விடுவது, யாரை வாசலோடும் கக்கூஸோடும் நிறுத்துவது என்பதைச் சாதிதான் தீர்மானிக்கிறது, அடுப்படிக்குக் கூலி கூட. பழைய செட்டியார் வீடுகளை மட்டும் சொல்லவில்லை. காரைக்குடியில் புதிதாகக் கட்டிய அடுக்கு வீடுகளில், படித்து உத்தியோகம் பார்க்கிற எல்லாச் சாதிக் குடும்பங்களிலும் தனி டம்ளர் இருக்கிறது.

இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்துப் போராடியவர்களில் ரூத் மனோரமாவை உங்கள் சித்திக்குச் சொல்லுங்கள். 1952-ல் சென்னையில் பிறந்தவர், பெங்களூரின் குடிசைப் பகுதிகளில் வேலை செய்து வீட்டுப் பணியாளர்களைச் சங்கமாக்கியவர், 1995-ல் தலித் பெண்களின் தேசியக் கூட்டமைப்பை உருவாக்கியவர். 2006-ல் ரைட் லைவ்லிஹுட் விருது பெற்றார். தலித் இயக்கத்தில் பெண்ணின் குரலும், பெண்கள் இயக்கத்தில் தலித்தின் குரலும், தொழிற்சங்கத்தில் வீட்டுவேலைக்காரியின் குரலும் விடுபட்டுப்போவதைத்தான் அவர் விடாமல் சொல்லி வந்தார். நடைமுறையில் இதற்குப் பொருள்: பிசிஆர் வழக்கில் துணைக்கு வருகிற அரசியல் கட்சிக்காரர்கள் கூலியை மறப்பார்கள், தொழிற்சங்கத்துக்காரர்கள் "சாதியை இழுத்தால் சமரசம் கெட்டுவிடும்" என்பார்கள். இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்காரவையுங்கள். ஊர் ஊராக இரண்டு மூன்று பெண்கள் என்று சிதறியிருக்கிற இந்தப் பகுதியில், தனிச் சங்கம் பதிவதைவிட ஏற்கெனவே பதிவான வீட்டுப் பணியாளர் சங்கத்தில் சேர்ந்துகொள்வது எளிது. ஸ்டேஷனுக்குப் போகும்போது கூட வர நான்கு பெண்கள் இருந்தால் அந்த வெள்ளைத்தாள் வெளியே வராது.

நல வாரியத்தில் சித்தியைப் பதிவு செய்யுங்கள், 18 வயதிலிருந்து 60 வரை பதியலாம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் பாஸ்புக், வயதுச் சான்று, புகைப்படம் வேண்டும். அந்த வீட்டுக்காரர் கையெழுத்துக்காகக் காத்திருக்காதீர்கள். பதிந்த பின் புதுப்பிக்கத் தவறுவதுதான் இங்கே பெரிய நஷ்டம். 60 முடிந்து ஓய்வூதியம் கேட்கப் போகும் நாளில் அட்டை காலாவதி என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

வக்கீல் செலவுக்குப் பயப்படவேண்டாம். பெண் என்பதாலும் பட்டியல் சாதி என்பதாலும், வருமானம் எதுவாக இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச வக்கீல் அவருக்கு உண்டு, எண் 15100. வன்கொடுமை உதவி எண் 14566, பெண்களுக்கானது 181.

கடைசியாக, நீங்கள் எழுதியதில் சித்தி என்ன விரும்புகிறார் என்பது இல்லை. வழக்கு நடக்கும் ஆண்டுகளில் அதே தெருவில் தண்ணீர் பிடிக்கப் போகிறவர் அவர்தான். வழக்கே வேண்டாம் என்று அவர் முடிவெடுத்தால் அது அவர் உரிமை. அப்போதும் திருட்டுப் புகாரின் நகலையும் சிஎஸ்ஆர் எண்ணையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி வையுங்கள், கூலி மனுவை 6 மாதத்துக்குள் போடுங்கள். வழக்குக்குச் சம்மதம் என்றால், அவர் வாயால் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி, அதற்குப் பிறகு வக்கீலிடம் கொண்டு போங்கள்.